தானாய் நிறைந்த கம்ப்யூட்டர்

பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரில், யாரும் தொடாமலே தினமும் இடம் குறைந்துகொண்டே வந்தது. டைப்பிஸ்ட் செண்பகவல்லி சினிமா ஏற்றுகிறாள் என்றார் தாளாளர். "மத்தியானத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

கையெழுத்துப் போட வந்த ஆசிரியர்கள் பார்த்து நின்றார்கள். அவள் மறைந்திருந்த கோப்புகளைத் திரைக்கு வரவழைத்தாள். பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது. அதில் கடைசிக் கோப்பைத் திறந்ததும், சற்றுமுன் அவர்கள் விட்ட மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

"பேய்தான்," என்றார் தாளாளர். "எல்லாத்தையும் அழிச்சிடு."

"சரிங்க சார். பேய் யாருன்னு மட்டும் கேட்டுக்கறேன்."

முதல் கோப்பைத் திறந்தாள்.

"மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ," என்றது தாளாளரின் குரல். "இனி டீச்சருங்க என்னைப் பத்திப் பேசறதெல்லாம் சிக்கும்."

"இதையும் அழிச்சிடவா சார்?"

"அது மட்டும் இருக்கட்டும்மா," என்றார் கணக்கு டீச்சர்.