அழுங்கின் செதிலில் ஏறிய பட்டியல்

அந்தக் காலத்தில், மென்பொருள் எதுவும் கணினிக்குள் போய் அடையாமல் காட்டில் பொதி பொதியாகக் கிடந்த காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் வாய்ப்பேச்சு இருந்த காலத்தில், லினக்ஸ் என்று ஒரு காடு இருந்தது. அங்கே யாருக்கு என்ன கருவி வேண்டுமானாலும் களஞ்சியத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னால் போதும், கிடைத்துவிடும்.

களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டது ஓர் அழுங்கு. எறும்பு தின்னுமே, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அதே அழுங்குதான். ஆனால் அப்போது அதன் உடம்பில் செதில் கிடையாது. பூசணிக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். நல்ல உழைப்பாளி. பேசத்தான் பிடிக்காது. வேலை சரியாக முடிந்தால் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கும். ஏதாவது கெட்டுப்போனால்தான் வாயைத் திறக்கும்.

அந்தக் காட்டுக்குப் பொன்மூக்கி என்ற மைனா புதிதாகக் குடிவந்தது. பக்கத்துக் காட்டில் அது இருந்த மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. வயிற்றிலோ முட்டை. இன்றோ நாளையோ இட்டுவிடும் போல இருந்தது. ஒரு பொந்து கிடைத்தாக வேண்டும்.

பொந்து ஒதுக்கும் அதிகாரி செந்தலை என்ற மரங்கொத்தி. அது பொன்மூக்கியை மேலும் கீழும் பார்த்தது.

"மனு போடணும்மா. நகத்தால கீறின மனுவெல்லாம் எடுக்கறதில்ல. மனுக்கோல்னு ஒரு பொதி இருக்கு, அதுல எழுதினாத்தான் செல்லும். இன்னிக்குத்தான் கடைசி நாள். சூரியன் மேற்குப் பாறைக்குப் பின்னால போயிட்டா பதிவேட்டை மூடிடுவேன்."

பொன்மூக்கி களஞ்சியத்துக்குப் பறந்தது.

"அண்ணே, மனுக்கோல் வேணும்."

"கடவுச்சொல்," என்றது அழுங்கு.

காட்டுக்குக் குடிவந்தபோது தனக்கென்று வைத்துக்கொண்ட கடவுச்சொல்லைப் பொன்மூக்கி அதன் காதருகே போய்ச் சொன்னது. அழுங்கு தலையைக்கூட அசைக்கவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா என்றே தெரியவில்லை. எழுந்து உள்ளே போனது. கொஞ்ச நேரம் தடதடவென்று சத்தம். அப்புறம் எங்கெங்கோ நடந்து போய்விட்டு, திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"என்னண்ணே, ஆச்சா?"

அழுங்கு தரையில் ஊர்ந்த எறும்பை நக்கித் தின்றது.

வீட்டுக்கு அனுப்பிவிட்டது போலிருக்கிறது என்று பொன்மூக்கி, பொந்து கிடைக்கும்வரை தான் தங்கியிருந்த கிளைக்குத் திரும்பியது. பக்கத்துக் காட்டில் அப்படித்தான். ஒரு கருவி கேட்டால் முழுப் பெட்டியாக வாசலுக்கு வரும், அதன் படத்தையும் வாசலிலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். இங்கே கிளையில் ஒன்றுமில்லை. கிளைக்கு அடியிலும் இல்லை. இலைகளைப் புரட்டிப் பார்த்தது. மறுபடியும் களஞ்சியத்துக்குப் பறந்தது.

"அண்ணே, மனுக்கோல் வரல. இன்னொண்ணு குடுங்க."

"ஏற்கனவே இருக்கு. இருக்கறதுலயே புதுசு."

"எங்க இருக்கு?"

அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது.

பொன்மூக்கிக்கு இறக்கையெல்லாம் சிலிர்த்தது. பேச்சுக் கொடுக்க ஓர் ஆளும் இல்லாத இடமா இது? யாரையாவது கேட்கலாம் என்று மன்று என்ற ஆலமரத்துக்குப் போனது. காட்டில் சந்தேகம் கேட்கிற இடம் அதுதான். மேல் கிளையில் தாடி மந்தி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூடவே நாலைந்து மந்திகள்.

"மாமா, மனுக்கோல் வாங்கினேன். எங்க வெச்சாங்கன்னு தெரியல. கொஞ்சம் சொல்றீங்களா?"

"கையேட்டைப் படிச்சியாம்மா?" என்றது தாடி மந்தி.

"கையேடு எங்க இருக்கு?"

மந்திகள் எல்லாம் சிரித்தன. "கையேடு எங்க இருக்குன்னு கையேட்டுலயே போட்டிருக்கு," என்றது ஒன்று.

"இந்தக் கேள்வியப் போன மழைக்கே ஒருத்தன் கேட்டுட்டுப் போயிட்டான்," என்றது தாடி மந்தி. "தேடிப் பாத்துட்டு வரணும்மா. சரி, நீ காட்டுல எந்தப் பக்கம்? வடகரையா, தென்கரையா?"

"தென்கரை."

"அதான பாத்தேன். தென்கரைல யாராவது குடியிருப்பாங்களா? வடகரைக்கு மாறிக்க."

"வடகரைல என்ன வாழுது?" என்று வேறொரு மந்தி சண்டைக்கு வந்தது. பிறகு எந்தக் கரை நல்லது என்று எல்லா மந்திகளும் ஒரே கூச்சல். கேள்வி கேட்ட மைனாவை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டிருந்தது.

இனி யாரையும் கேட்பதில்லை என்று பொன்மூக்கி தானே தேடக் கிளம்பியது. முட்டைச் சுமையோடு மரம் மரமாகப் பறந்தது. 'பின்' என்று பெயர் கொண்ட ஒரு பாறை. அதன்மேல் நூற்றுக்கணக்கான கருவிகள், கூப்பிட்டதும் ஓடுவதற்குத் தயாராக வரிசையில் நின்றன. அந்தக் கூட்டத்தின் நடுவே மனுக்கோல் நின்றது. அதற்கு வேண்டிய மை அங்கே இல்லை. அது அரைக் காதம் தள்ளி, லிப் என்ற பொதுக் கிடங்கில் ஒரு குடத்தில் இருந்தது. எப்படி எழுத வேண்டும் என்று விதி எழுதிய இலை ஈடிசி என்ற புற்றுக்குள் செருகிக் கிடந்தது.

ஒரே பொருளை மூன்றாகப் பிய்த்து மூன்று மூலையில் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் சுருண்டுகொள்கிறது ஒன்று, சிரிக்கிறது இன்னொன்று. பொன்மூக்கிக்கு வந்த கோபத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. மனுக்கோலைப் பாறையிலிருந்து இழுத்தது. மைக்குடத்தைக் கிடங்கிலிருந்து உருட்டியது. விதி இலையைப் புற்றிலிருந்து பிடுங்கியது. மூன்றையும் தன் கிளைக்குக் கொண்டுவந்து ஒன்றாக வைத்தது.

"இப்ப எழுது," என்றது.

மனுக்கோல் அசையவில்லை. "மை இல்ல."

"இதோ உன் காலடியில இருக்கே."

"லிப் கிடங்குல இல்லையே. அங்கதான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"கண்ணு முன்னால இருக்கறத எடுத்துக்கயேன்."

"அங்கதான் பாக்கச் சொல்லியிருக்காங்க," என்றது மனுக்கோல் மறுபடியும்.

அதற்குள் காடெங்கும் கூக்குரல் எழுந்தது. அந்த ஒரு குடம் மையைத்தான் எல்லோரும் தொட்டுக்கொண்டிருந்தார்கள். மான்களின் வழிப்படம் பாதியில் நின்றது. தேனீக்களின் கணக்கு நின்றது. செந்தலையின் பதிவேடு மூன்றாவது வரியோடு நின்றுபோனது. யார் மையை எடுத்தது என்று எல்லோரும் செந்தலையின் மரத்தடியில் கூடினார்கள்.

பொன்மூக்கி ஒளிந்துகொள்ளவில்லை. நேரே பறந்துவந்து, அந்த மரத்தில் காலியாக இருந்த பொந்துக்குள் நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"நான்தான் எடுத்தேன்."

"எறங்கும்மா முதல்ல," என்றது செந்தலை. "அது இன்னும் ஒதுக்காத பொந்து."

"எறங்க மாட்டேன். மை எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சிருந்தும் சொல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?"

கூட்டத்தில் சலசலப்பு. தாடி மந்தி முன்னால் வந்தது. "புதுசா வந்தவங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டிவிட முடியுமாம்மா? நாங்கல்லாம் தெரிஞ்சுக்கலையா?"

"சரி மாமா. ராத்திரியானா ஒரு குழல் ஊதறீங்களே, அதுவும் களஞ்சியத்துலதானே வாங்கினீங்க. அது எந்தெந்த இடத்துல கெடக்குன்னு சொல்லுங்க."

தாடி மந்தி தாடியைத் தடவியது. "அது... கூப்பிட்டா வருது."

"எங்கேருந்து வருது?"

"வருதும்மா. அவ்வளவுதான்."

"மானே, உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுக்கா," என்றது ஒரு புள்ளிமான், மெதுவாக. "கேட்டா இவங்க சிரிப்பாங்கன்னு கேக்கல."

இன்னொரு மான் தலையாட்டியது. தேனீக்களும் தங்களுக்குத் தெரியாது என்றன. கடைசியில் அத்தனை பேரின் கண்ணும் ஓரமாகச் சுருண்டு கிடந்த அழுங்கின்மேல் போய் நின்றது.

"அண்ணே, சுருண்டுக்கிட்டா அது பதிலாயிடுமா?" என்றது பொன்மூக்கி.

அழுங்கு மெல்ல விரிந்தது. அதன் மூக்கு துடித்தது. அதற்கும் கோபம்தான்.

"ஒரு குடம் மைய இத்தனை பேருக்கும் பங்கு வெச்சேன். ஆளுக்கு ஒரு குடம் குடுத்தா இந்தக் காடு தாங்குமா? விதி இலையத் தனியா வெச்சேன், மனுக்கோல மாத்தினாலும் உங்க விதி கெடக்கூடாதுன்னு. எடமறிஞ்சு வெச்சதெல்லாம் தப்பா?"

அது அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பங்கு வெச்சதுக்கு உங்களக் கும்பிடலாம்ணே," என்றது பொன்மூக்கி. "வெச்ச எடத்தச் சொல்லாததுக்குத்தான் இவ்வளவும். உங்க வேலை முடிஞ்சது, என் வேலை முடியலையே. வயித்துல முட்டையோட நான் காடு பூரா அலைஞ்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மைய ஏன் தொடப்போறேன்?"

அழுங்கு தலையைக் குனிந்துகொண்டது. "எத்தனையோ ஆயிரம் பொதி. எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?"

"எழுதி வைங்க."

"எங்க எழுதறது?"

"அதையும் நானே சொல்லணுமா?"

அழுங்கு சுற்றுமுற்றும் பார்த்தது. ஓலை இல்லை, பலகை இல்லை. பிறகு தன் கூரான நகத்தால் தன் வழவழத்த தோளிலேயே கீறியது. மனுக்கோல், 'பின்' பாறையில். மை, லிப் கிடங்கில். விதி, ஈடிசி புற்றில். கீறிய இடம் காய்ந்து, தடித்து, ஒரு செதிலாக எழுந்து நின்றது. அடுத்த பொதிக்கு அடுத்த கீறல், அடுத்த செதில். முதுகு நிறைந்து வால் நுனி வரைக்கும் போனது. வலித்திருக்கும். ஆனாலும் கீறுவதை நிறுத்தவில்லை.

"இனிமே யாரு கேட்டாலும் படிச்சுச் சொல்றேன்," என்றது கடைசியில். "கேட்டா மட்டும்."

"கேக்காமலே சொன்னா என்ன?"

"அது என்னால ஆகாது."

"போகட்டும். கேக்கறவங்களப் பாத்து இவங்க சிரிக்கக் கூடாது," என்று பொன்மூக்கி மந்திகள் பக்கம் அலகை நீட்டியது.

"அதுக்கு நாங்க வாக்குக் குடுக்க முடியாது," என்றது தாடி மந்தி.

பொன்மூக்கி மை இருந்த கிளையைச் சொன்னது. மான்கள் குடத்தைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தன. மனுக்கோலும் விதி இலையும் தங்கள் இடத்துக்குத் திரும்பின. "மனுக்கோலே," என்று பொந்திலிருந்தே பொன்மூக்கி ஒரு குரல் கொடுத்ததும் அது ஓடிவந்து மனுவை எழுதி முடித்தது. செந்தலை அதை வாங்கவில்லை. மேற்குப் பாறையைக் காட்டியது. சூரியன் இல்லை.

"நேரம் முடிஞ்சுபோச்சும்மா. எறங்கிடு."

"எப்படி எறங்கறது ஐயா?" என்றது பொன்மூக்கி. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே நீல நிறத்தில் ஒரு முட்டை கிடந்தது. பேசிக்கொண்டிருந்தபோதே இட்டிருக்கிறது.

முட்டை கிடக்கிற பொந்தை எந்தக் காட்டிலும் யாரும் காலி செய்யச் சொல்வதில்லை. செந்தலை மனுவை வாங்கிக்கொண்டு பறந்துபோனது. மான்கள் போயின. "எல்லாம் கையேட்டுல இருக்கு," என்று முனகிக்கொண்டே மந்திகளும் போயின. கடைசியாக அழுங்கு, புதுச் செதில்கள் ஒன்றோடொன்று உரச, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் களஞ்சியத்தைப் பார்த்து நடந்தது.

அதனால்தான், கணினிக்குள் போய் இயங்குதளமாகிவிட்ட லினக்ஸில் இன்றும் ஒரு மென்பொருள் பொதியை நிறுவினால் அது எங்கே போனேன் என்று தானாகச் சொல்லாமல் 'பின்', 'லிப்', 'ஈடிசி' என்று பல இடங்களில் பிரிந்து போய் உட்கார்ந்துகொள்கிறது, களஞ்சியக்காரனைக் கேட்டால் மட்டும் ஒன்றுவிடாமல் பட்டியலைப் படித்துக் காட்டுகிறது, வேறு யாரையாவது கேட்கப் போனால் முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்கிறது.