புறமுதுகு காட்டாத நாடக மன்றம்

புன்னைக்குளத்தில் ஒரு நாடக மன்றம் இருந்தது. மொத்தம் நாலு உறுப்பினர்கள். நாலு பேருமே நிர்வாகிகள். அவர்கள் அறிவாளிகள் என்பதை ஊர் ஒத்துக்கொள்ளாது. ஆனால் மன்றம் கூடி, கைதூக்கி, எதிர்ப்பே இல்லாமல் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது.

தீர்மானத்தை எழுதியவர் செயலாளர் நம்பிராஜன். சைக்கிள் கடைக்காரர். "நான் அடிக்கிற காத்துல பாதி டியூபுக்குப் போகும், மீதி என் பேச்சுக்குப் போகும்" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பார். தலைவர் மகிழ்வண்ணன். அவர் ஒருவரிடம்தான் கைவைத்த நாற்காலி இருந்தது என்பதால் ஆரம்பத்திலிருந்து அவரே தலைவர். பொருளாளர் மாசானம், தையல்காரர். துணைத்தலைவர் கோமதிவடிவு, ராணி வேஷம் அவருக்கே.

மன்றம் நொடித்துப் போயிருந்தது. வாடகை ஏறிக்கொண்டே போனதால், நாடகக் கொட்டகையைக் காலி செய்து உர மூட்டை அடுக்கப் போவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். நம்பிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கொட்டகையில் அவர் ஒன்பது வயதில் குரங்கு வேஷம் போட்டவர். அதற்குக் கிடைத்த கைதட்டல் பிறகு எதற்கும் கிடைத்ததில்லை.

இந்த நேரத்தில்தான், கலை மன்றங்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையிலிருந்து சாந்தசீலி அம்மா வந்தார்.

"மூணு விஷயம் சரி பண்ணுங்க" என்றார். "எப்பவும் கையிருப்பு இருக்கணும். செலவைப் பாதியாக் குறைக்கணும். தலைவர் பதவி ஒருத்தர்கிட்டயே இருக்கக் கூடாது, மாறி மாறி வரணும். அடுத்த மாசம் உங்க நாடகத்துக்கு வரேன். எல்லாம் சரியா இருந்தா, செக்கைக் கையோட குடுத்துட்டுப் போறேன்."

அன்றைக்கே அவசரக் கூட்டம்.

"கையிருப்புன்னா எந்தக் கையில இருக்கணும்?" என்று கேட்டார் மாசானம்.

"பொருளாளர் கையிலதான்" என்றார் தலைவர்.

"வலதா, இடதா?"

நம்பிராஜன் கண்ணை மூடி யோசித்தார். "இடது கையில பணம் வாங்குறதே தப்பும்பாவ. வலதுதான்."

மறுநாள் காலை மாசானம் வங்கிக்குப் போய், மன்றத்தின் பணம் முழுவதையும் எடுத்து வலது கையில் இறுக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு விடவில்லை. சாப்பாட்டை அவர் மனைவி ஊட்டிவிட்டார். தூங்கும்போது கைக்குமேல் துண்டைக் கட்டிக்கொண்டார். யாராவது வணக்கம் சொன்னால் முஷ்டியைத் தூக்கிக் காட்டினார். இதில் இரண்டு பேர் பயந்து ஓடியதும், ஒருவர் திருப்பி அடித்ததும் உண்டு.

அடுத்தது செலவு. நாடகத்துக்கு ராஜா உடை தைக்க வேண்டும். ராஜா மகிழ்வண்ணன்தான்.

"பாதிச் செலவுன்னா, முன்பக்கம் மட்டும் தைப்போம்" என்றார் மாசானம். "எனக்கும் இப்ப ஒரு கைதானே ஓடுது."

"பின்பக்கம்?" என்றார் கோமதிவடிவு.

"ஜனங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்காவ?"

"முன்பக்கம்."

"பெறகென்ன?"

இந்தப் பதிலின் ஆழத்தில் நாலு பேரும் கொஞ்ச நேரம் மூழ்கிக் கிடந்தார்கள்.

சுவரொட்டியையும் பாதியாக்கினார்கள். மேல்பாதியில் நாலு நிர்வாகிகளின் படமும் பெயரும். கீழ்பாதியில் நாடகத்தின் பெயர், நாள், நேரம், இடம். எதை வெட்டுவது?

"நம்ம மூஞ்சியை வெட்டிட்டு நாடகம் போட்டா, யாரு போடுறான்னு எப்படித் தெரியும்?" என்று நம்பிராஜன் கேட்டதில் நியாயம் இருந்தது. கீழ்பாதி போயிற்று. கலர் மையிலும் மிச்சம் பிடித்து, கறுப்பு வெள்ளையில் அடித்து, நாடகத்தன்று காலையில் ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

கடைசியாகத் தலைவர் பதவி.

"மாறி மாறின்னா, வருஷத்துக்கு ஒரு தடவையா?" என்றார் கோமதிவடிவு.

"வருஷக் கணக்குல இருந்தா அது ஒருத்தர்கிட்டயே இருக்க மாதிரிதானே?" என்றார் நம்பிராஜன். "அரை மணிக்கு ஒரு தலைவர். மணி அடிச்சா மாலையக் கழட்டி அடுத்த ஆளுக்குப் போட்டுரணும்."

மகிழ்வண்ணன் மனம் கசந்து நாற்காலியைத் தடவினார். ஆனாலும் மன்றம் பிழைக்க வேண்டுமே என்று சம்மதித்தார்.

நாடகத்தன்று சாயங்காலம் கொட்டகை வாசல் நிரம்பி வழிந்தது. தெருமுனை வரை கூட்டம். ஆளாளுக்குக் கையில் மாலை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். நம்பிராஜனுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்.

கூட்டத்துக்கு முன்னால் வந்த பால்காரர் அவரைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டுவிட்டார். "நீரு சாகலியா வே?"

"நான் ஏன் சாகணும்?"

"நாலு பேரும் ஒண்ணாப் போயிட்டியன்னுல்லா ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கு!"

துக்கம் கேட்க வந்த ஊர், வந்ததற்கு நாடகத்தையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டது. கொண்டுவந்த மாலைகளை வீணாக்காமல் நிர்வாகிகள் கழுத்திலேயே போட்டது.

சாந்தசீலி அம்மா காரைவிட்டு இறங்கியபோது கண்டது இதைத்தான். "இவ்வளவு மரியாதையா உங்களுக்கு!" என்று அசந்து போனார். "சரி, இப்ப தலைவர் யாரு?"

நம்பிராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷத்துக்கு நான்தாம்மா."

அந்த அம்மா முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நாடகம் நன்றாகவே போனது. மகிழ்வண்ணன் சரிகை மின்ன மேடையேறினார். பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தாரே தவிர, ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எதிரி வாளை உருவியதும் நெஞ்சை நிமிர்த்தி முழங்கினார்: "உயிரே போனாலும் இந்த மன்னன் புறமுதுகு காட்ட மாட்டான்!"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அடுத்த தலைவர் அவர்தான். பதினெட்டு வருஷமாகத் தலைவர் மாலைக்குக் கழுத்தை நீட்டிய பழக்கம். மேடைக்குப் பின்னால் மாலையோடு கோமதிவடிவு நின்ற பக்கம் சட்டென்று திரும்பிவிட்டார். சபை முழுவதும் மன்னரின் வெற்று முதுகையும், பின்னால் கட்டம் போட்ட கைலியையும் கண்டது.

ஊர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அழுவதற்கென்று வந்தவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். சாந்தசீலி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முடிந்ததும் மேடையேறி, "பல வருஷமா நாடகம் பாக்குறேன். இந்த மாதிரி ஒண்ணை யோசிக்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை" என்று சொல்லி, செக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

திரைக்குப் பின்னால் நாலு தலைகள் செக்கின்மேல் குனிந்தன. கோமதிவடிவு முதலில் கண்டுபிடித்தார். "ஐயோ, மூலையில கோடு போட்டு அடிச்சிருக்காவளே!"

ஆமாம். சாய்வாக இரண்டு கோடுகள்.

"ஒரு கோடுன்னா கை தவறிப் போட்டதுன்னு சொல்லலாம்" என்றார் மாசானம். "ரெண்டு கோடுன்னா, மனசு வெறுத்துப் போட்டது."

"எல்லாம் என் முதுகால வந்தது" என்று மகிழ்வண்ணன் கிரீடத்தைக் கழற்றினார்.

நம்பிராஜன் செக்கை எடுத்துக்கொண்டு காரைத் துரத்தி ஓடினார். டீக்கடை முக்கில் கார் நின்றது.

"என்ன தப்பு செஞ்சோம்மா? குடுத்துட்டு அடிச்சிட்டியளே!"

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது பாதுகாப்புக்குப் போடுற கோடுங்க. அந்த ரெண்டு கோடு இருந்தா வேற யாரும் எடுத்துக்க முடியாது. மன்றத்துக்கு மட்டும்தான்."

நம்பிராஜன் அப்படியே நின்றுவிட்டார். இரண்டே கோட்டில் இவ்வளவு பாதுகாப்பா! நாம் இதுநாள் வரை எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறோம் என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

பணம் வந்தது. வாடகை தீர்ந்தது, கொட்டகை நிலைத்தது. கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கக் கடைக்குக் கிளம்பிய மாசானத்தை நம்பிராஜன் தடுத்தார். "பூட்டு எதுக்கு வே, தெண்டம்?" கரித்துண்டை எடுத்து, கதவின் மூலையில் சாய்வாக இரண்டு கோடு இழுத்து, கீழே 'மன்றத்துக்கு மட்டும்' என்று எழுதிவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டார்.

மறுநாள் ஒத்திகை. மகிழ்வண்ணன் உள்ளே காலை வைக்கப் போனார்.

"நில்லுங்க அண்ணாச்சி" என்றார் மாசானம். "நீங்க மன்றமா?"

"நான் தலைவர்லா?"

"தலைவர்தான். மன்றம் இல்லியே."

மகிழ்வண்ணன் காலைப் பின்னால் எடுத்தார். நியாயம்தான். நாலு பேரும் சேர்ந்தால்தானே மன்றம்? அப்படியானால் நாலு பேரும் ஒரே அடியில் நுழைய வேண்டும். கையைக் கோத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிப் பாய்ந்தார்கள்.

கதவு ஒற்றைக் கதவு. நாலு பேரும் நிலைக்குள் வசமாகச் சிக்கிக்கொண்டார்கள்.

வழியே போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன வே இது?"

நம்பிராஜனால் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது. முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீரா வே, என்ன பாதுகாப்பு! எங்களாலயே உள்ள போக முடியல!"