மகாராஜாவின் அரிப்பும் பிரதானியின் வயிறும்

முன்னொரு காலத்தில் மயிலங்குடிச் சீமையை உத்தண்டராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். பாதி நேரம் ஆண்டார், மீதி நேரம் தின்றார். விடிந்தால் நெய் ஒழுகும் அதிரசம், உச்சிக்கு ஆட்டுக்கறி, அந்திக்குப் பலாச்சுளை. நாலு நாளைக்கு ஒரு தரம் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தால் அதுவே அரண்மனையில் திருவிழா.

ஒருநாள் ராஜாவுக்கு உடம்பெல்லாம் தடித்து அரிப்பெடுத்தது. செங்கோலால் முதுகைச் சொறிந்தபடியே வழக்கு விசாரித்தார்.

பிரதானி வெங்களப்பர் சமயம் பார்த்துச் சொன்னார்: "சலவையில்தான் குற்றம், மகாராஜா. துணி வெளுக்கும் செம்பாயி சரியாக அலசுவதில்லை. அவளை நாடு கடத்திவிட்டு வேலையை என் மச்சினனுக்குக் கொடுங்கள். என் துணியை அவன்தான் வெளுக்கிறான். என் மேனியைப் பாருங்கள்."

சேதி கேட்டுச் செம்பாயி சபைக்கு ஓடி வந்தாள். மூன்று பிள்ளைகளோடு எந்த ஊருக்குப் போவாள்? ராஜாவின் துண்டில் தினமும் நெய்க்கறை தேய்த்த அவளுக்கு அரிப்பின் வேர் எங்கே என்று தெரியும். நேராகச் சொன்னால் தலை போய்விடும். பிரதானியோ கஞ்சர்; அவர் வீட்டில் என்றைக்கும் மோர்க்கஞ்சியும் கீரையும்தான்.

"சாமி, பத்து நாள் கொடுங்க. நான் வெளுத்ததையே உடுத்துங்க. சாப்பாட்டை மட்டும் பிரதானி ஐயாவோட மாத்திக்கணும். அரிப்பு நிக்கலேன்னா நானே எல்லையைத் தாண்டிடறேன்."

வெங்களப்பருக்கு வாயூறியது. "ராஜகட்டளை என்றால் தின்று தொலைக்கிறேன்" என்றார்.

முதல் நாள் கஞ்சியைக் கண்டு ராஜா அழுதார். மூன்றாம் நாள் கொல்லையிலிருந்து பாடிக்கொண்டே திரும்பினார். ஏழாம் நாள் தடிப்பு வற்றியது.

பத்தாம் நாள் சபைக்கு வந்த வெங்களப்பர் உட்காரவில்லை. தூணில் முதுகை வைத்து மேலும் கீழும் உரசினார்.

"என்ன பிரதானியாரே, தூணுக்கு மெருகு போடுகிறீரா?"

"ஒன்றுமில்லை, மகாராஜா."

"மச்சினன் வெளுத்த துணிதானே? அவனை இன்றே நாடு கடத்திவிடலாமா?"

"அவர் நல்லாத்தான் அலசியிருப்பார், சாமி" என்றாள் செம்பாயி பணிவாக. "கோளாறு எங்கேன்னு ஐயாவையே கேளுங்க."

வெங்களப்பருக்கு வீட்டிலிருக்கும் மனைவியின் முகம் கண்முன் வந்தது. "சலவையில் குற்றமில்லை, மகாராஜா. எல்லாம் வயிற்றில்தான்" என்றார் மெல்ல.

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தைச் செம்பாயிக்குக் கொடுத்தார். பிரதானி இப்போது சொன்னதை நாலு வீதியிலும் தமுக்கடித்துச் சொல்லிவர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

வெங்களப்பர் தமுக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு கைதான் அடித்தது. மறு கைக்கு முதுகில் வேலை இருந்தது.