ரப்பர் மீனில் ஓட்டை

இரைக்கு மாட்டிய ரப்பர் மீன் மறுபடியும் கிழிந்துவிட்டது.

வெறும் தூண்டில்முள்தான் கரைக்கு வந்தது. ரப்பர், கடித்த கொடுவா மீனோடு போயிற்று. தாசையன் கழிமுகத்துக் கல்லில் நின்று கடலைத் திட்டினார்.

பெட்டியில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதுவும் கந்தல்.

வீட்டில் மனைவி ரீத்தாவுக்குக் காய்ச்சல் விட்டும் வாய்க்கசப்பு விடவில்லை. எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுகிறாள். ஆள் பாதியாகிவிட்டாள். நேற்றுதான் தானாக ஒன்று கேட்டாள். கொடுவாக் குழம்பு.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. சந்தையில் ஐஸில் வைத்த பழைய மீன்தான். அதை ரீத்தா மோந்துகூடப் பார்க்க மாட்டாள்.

அடுத்த கல்லில் பிரிஜித் தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள். தாசையனின் மகள் வயதுதான். நேற்று வீசிய அதே ரப்பர். முந்தாநாளும் அதுதான்.

கல்லில் நிற்கும் ஆண்கள் அவளை டீச்சர் என்பார்கள். முதலில் கிண்டலுக்குச் சொன்னது. ரப்பர் கிழிந்தவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் போய்வந்தார்கள். கிண்டல் போயிற்று. பெயர் தங்கிவிட்டது.

தாசையன் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஊரையே அதட்டி ஏற்றி இறக்கிய வாய்.

"ஏ பிள்ள. இந்த ரப்பர் ஒண்ணும் கொள்ளாது. ஒரு கடி தாங்கல. நீ எந்தக் கடையில வாங்குத?"

"நீங்க வாங்கின கடையிலதான் மாமா."

அவருக்குச் சுருக்கென்றது.

அவள் கையை நீட்டினாள். கடைசி ரப்பரைக் கொடுத்தார்.

"இதுல எத்தன ஓட்ட?"

"ஒண்ணு. முள்ளு போற ஓட்ட."

அவள் ரப்பரை வில்லாக வளைத்தாள். மூக்கில், கழுத்தில், வயிற்றில், முதுகில் ஓட்டைகள் வாயைத் திறந்தன.

"இதெல்லாம் எந்த மீனு கடிச்சது?"

தாசையன் தொண்டையைச் செருமினார்.

"முள்ளு கோணலாப் போச்சுன்னா ரப்பர் தண்ணியில சுத்துது. உருவித்தானே திரும்பக் குத்தணும்?"

"குத்தினியளா?"

"குத்தினேன்."

"நேராச்சா?"

"இல்ல. திரும்ப உருவினேன். லூசாயிட்டு. பசை போட்டேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. கோணலா நின்னுச்சு."

பிரிஜித் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தீப்பெட்டி இருக்கா மாமா?"

இருந்தது. கத்தி முனையைச் சுட்டாள். ஒவ்வோர் ஓட்டையிலும் தொட்டாள். ரப்பர் உருகிக் கூடிக்கொண்டது. ஆறட்டும் என்று கல்லில் வைத்துவிட்டு, தன் தூண்டிலை இரண்டு தடவை வீசினாள். தாசையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தண்ணி எறங்கப் போவுது பிள்ள. மீனும் கூடப் போயிரும்."

"எறங்கட்டும்."

ஆறியதும் ரப்பரையும் முள்ளையும் அவர் கையில் வைத்தாள். வைத்த வேகத்தில் முள் முனையை ரப்பரின் மூக்குக்குக் கொண்டுபோனார்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முள்ளு எங்க வெளிய வரும்?"

"வாற எடத்துல வரும்."

"அதான் அத்தன ஓட்ட."

அவர் ரப்பரை அவளிடமே நீட்டினார்.

"நீயே குத்தித் தந்திரேன்."

"மாட்டேன்."

தன் பையிலிருந்து வேறொரு ரப்பரையும் முள்ளையும் எடுத்தாள். குத்தவில்லை. முள்ளை ரப்பரின் மேல் வெறுமனே படுக்க வைத்தாள். முள்ளின் தலையிலுள்ள ஈயக் குண்டு மூக்கில். வளைவு முதுகில் எங்கே விழுகிறதோ, அங்கே நகத்தால் ஒரு கீறல். இரண்டையும் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாள்.

தாசையன் கல்லில் உட்கார்ந்தார்.

முள்ளைப் படுக்க வைத்தார். பார்த்தார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி பார்த்தார். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் நிமிரவில்லை.

நகத்தால் கீறினார். குத்தினார்.

கீறலில் வெளியே வந்தது முள். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது மீன்.

பழக்க தோஷம். விரல் அதைச் சற்று உருவிப் பார்க்கப் போனது.

"கைய எடுங்க!"

எடுத்தார்.

வீசினார். ஒன்றுமில்லை. வீசினார். ஒன்றுமில்லை. பாசியோடு ஒருமுறை வந்தது. பிறகு கோல் வளைந்தது. கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. ரப்பரை உதற முடியவில்லை. தாசையன் கல்லோடு கல்லாக நின்று இழுத்தார்.

மீன் கரைக்கு வந்ததும் முதலில் ரப்பரைத்தான் பார்த்தார். அசையவில்லை.

திரும்பினார். பிரிஜித் முதுகைக் காட்டிக்கொண்டு தன் தூண்டிலை வீசிக்கொண்டிருந்தாள். மீனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

குழம்பை அவரே வைத்தார். ரீத்தா சுவரில் சாய்ந்து, கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு பத்தாது."

தாசையன் அவள் முகத்தையே பார்த்தார்.

"என்ன பாக்குதிய? உப்பு கொண்டாங்க. சோறும் கொஞ்சம் போடுங்க."

போட்டார். அவள் சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மீன் தலையைக்கூட விடவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று அவராகவே சொன்னார். அடுப்பு காஸ் அடுப்பு.

ரீத்தா மீன்முள்ளை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"தெனமும் கிழிச்சிட்டுல்லா வருவிய? இன்னைக்கு ஆரு சரியாக்கித் தந்தா?"

"பிரிஜித் டீச்சர்."