குறுக்குக் காற்றில் இறங்கியவன்

உடுமலைக்கு மேற்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. ஆடி பிறந்துவிட்டால் கணவாய்க் காற்று அதன் ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும். அந்தக் காற்றில் இறங்கும்போதுதான் மாணவன் கதிரேசனின் சிறு விமானம் இறக்கை தரையில் இடித்துப் புரண்டது. ஆள் பிழைக்கவில்லை.

அவனோடு ஒரே அறையில் இருந்தவன் சாலமன். விசாரணை அதிகாரிகள் அவனை வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பே அவன் பயிற்சியாளர் மங்கையர்க்கரசியிடம் போய் நின்றான்.

"மேடம், தப்பு காத்து மேலயா, கதிரேசன் மேலயா?"

"வண்டியில ஏறு," என்றார் அவர்.

பயிற்சி விமானத்தை அவரே ஓட்டினார்; ஒரு சுற்றுப் பறந்துவிட்டு இறங்கத் திரும்பினார். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு நடப்பதுபோல விமானம் பக்கவாட்டில் இறங்கியது. சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. இறக்கை லேசாகச் சரிந்தது. உடனே வேகத்தைக் கூட்டி மேலே ஏறிவிட்டார். சுற்றி வந்து இறங்கப் பார்த்தார். மறுபடியும் ஏறினார். மூன்றாம் முறைதான் சக்கரம் தரையில் நின்றது.

"ரெண்டாவது தடவையே இறக்கியிருக்கலாம், மேடம். உங்க கைக்கு அது ஒண்ணுமே இல்லை."

"இதைத்தான் எல்லாரும் அவன்கிட்டயும் சொன்னீங்களா?"

அவர் வலது கையை நீட்டினார்.

"மாட்டி விடு."

"எதை, மேடம்?"

"வளையலை. இறங்காம மேலே ஏறிட்டு வந்தா, உங்க மெஸ்ஸில அன்னிக்கு வளையல் மாட்டிக்கிட்டுத்தான் சோறாமே. சமையல்காரர் சொன்னார். நான் ரெண்டு தடவை ஏறியிருக்கேன். ரெண்டு மாட்டு."

"அது சும்மா விளையாட்டு, மேடம். எல்லாரும் போட்டிருக்கோம். நானும்தான்."

"கடைசியா யார் போட்டது?"

"கதிரேசன். விழுந்ததுக்கு முந்தின நாள்."

"யார் மாட்டி விட்டது?"

விமானக் கொட்டகையின் தகரம் காற்றில் படபடத்தது.

"அவனும் சிரிச்சான், மேடம்."

"சிரிக்காம என்ன செய்வான்?"

அதிகாரிகளின் ஜீப் வாசலில் திரும்பியது. சாலமன் அதையே பார்த்தான்.

"அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"காத்துன்னு சொல்லிடு," என்றார் மங்கையர்க்கரசி. "அது வந்து மறுத்துப் பேசாது."