மூணு நாளில் இறுகும் பொடி

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாம்பல் கலந்த சிமென்டில் கூரை போட்டார் காண்ட்ராக்டர் தனுஷ்கோடி. அந்தச் சிமென்ட் நன்றாகத்தான் இறுகும், ஆனால் மெதுவாக இறுகும். அவருக்கோ அவசரம். யாரோ விற்ற ஒரு பொடியை அதில் கொட்டிவிட்டு, "மூணே நாள்ல பாறையாயிரும்! மேல யானையே ஏறலாம்!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில், மண்டபக் கமிட்டிக்காரர்கள் முன்னால், கூரைக்கு அடியில் பலகையும் முட்டும் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அற்புதராஜைக் கூப்பிட்டார். "முட்டுக்கம்பையெல்லாம் உருவுடா."

அற்புதராஜ் அண்ணாந்து பார்த்தான். கூரை விழுந்தால் கம்பை உருவுகிறவன் தலையில்தான் முதலில் விழும். "இன்னும் இறுகாம பச்சையால்லா இருக்கு, மொதலாளி."

"என் பொடியப் பத்தி உனக்கென்னடா தெரியும்? முடியாதுன்னா நாளைலருந்து வேலைக்கு வராத!"

"சரி, உருவிருதேன்" என்றான் அற்புதராஜ் பணிவாக. கூரைக்கு அடியில் நட்டநடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுத் துண்டால் துடைத்தான். "வாங்க மொதலாளி, உக்காருங்க. கடைசிக் கம்பை உருவுறப்ப நீங்க கீழ கம்பீரமா உக்காந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துருவோம். உங்க பொடியோட பெருமை ஊருக்கே தெரியட்டும்."

கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். தனுஷ்கோடி நாற்காலியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "கம்பு... ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும்" என்று முனகிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"பொடி கான்கிரீட்டை இறுக்குச்சோ இல்லையோ, இவரு வாயை நல்லா இறுக்கிருச்சு" என்றார் கமிட்டித் தலைவர்.

ஒரு மாதம் கழித்து அற்புதராஜ் கம்புகளை உருவினான். கூரை அசையவில்லை. காண்ட்ராக்டர் அன்றைக்கும் உள்ளே வராமல், ரோட்டில் நின்றே எட்டிப் பார்த்தார்.