நாலு மூட்டைக் கட்டுச்சோற்றுத் தூரம்

மொட்டைக்கரிசல் என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தால் மாடுகூடத் தள்ளி நின்று மேயும். அப்பேர்ப்பட்ட ஊருக்கும் ரயில் வந்தது. ஆளை ஏற்ற இல்லை, பருத்தியை ஏற்ற. பருத்தி துறைமுகம் போய், கப்பலேறி, சீமை ஆலையில் வேட்டியாகித் திரும்பி வரும். விளைவித்தவனே அதைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வான். பொதி அடுக்கியது போக மிச்ச இடத்தில் ஜனங்கள் உட்காரலாம்.

பிச்சாண்டிக்கு முப்பத்தாறு வயசு. நாலு சம்பந்தம் தட்டிப்போய், ஐந்தாவதாக வேலங்குறிச்சியில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். மாப்பிள்ளை வந்து சேரலைன்னா என் அக்கா மகன் கட்டுவான்."

மாட்டுவண்டியில் வேலங்குறிச்சி நாலு நாள். திங்கட்கிழமை பிச்சாண்டியும் அவன் பெரியப்பா சங்கிலியும் தாய்மாமன் இருளாண்டியும், "பருத்தியே போயிட்டு வருது, நமக்கென்ன" என்று ரயிலேறினார்கள். மருமகளுக்கு ஆரத்தி எடுக்க வீட்டில் இருந்துகொண்ட அம்மா ஆவுடைத்தாய், புளிச்சோறு நாலு மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

"ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. நாலாவது மூட்டை தீர்ந்ததும் இறங்குங்க. அதான் வேலங்குறிச்சி."

ரயில் நகர்ந்தது.

"இது எதால ஓடுது மாமா?"

"தண்ணியைக் காய்ச்சுறான்."

"உன் அக்காவும்தான் தினம் ஒரு அண்டா காய்ச்சுறா," என்றார் பெரியப்பா. "வீடு ஒரு முழம் நகரலையே."

"அவ மூடி போடுறதில்லை."

பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். "நல்லவேளை. போட்டிருந்தா நம்ம வீடு இந்நேரம் துறைமுகத்துல கிடக்கும்."

உச்சிவேளையில் ரயில் நின்றது. கார்டு "வேலங்குறிச்சி" என்று கூவினார். முதல் மூட்டையே பாதிதான் ஆகியிருந்தது. பிளாட்பாரத்தில் மாமனார், கல்யாணத்துக்கு வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இறங்குங்க."

"பெரியப்பா, அது என் மாமனார்."

"அவர் சாயல்ல இருக்கார். மூணு மூட்டை முழுசா இருக்குடா. எவன் கூப்பிட்டாலும் இறங்கிடுவியா?"

"இதுதான்யா வேலங்குறிச்சி," என்றார் கார்டு.

"நீங்க எத்தனை மூட்டை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் இருளாண்டி.

கார்டு காலையிலிருந்து பட்டினி. கொடியை ஆட்டிவிட்டார்.

துறைமுகத்தில் டிக்கெட் கேட்டவரிடம் மூட்டைகளைக் காட்டினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். பருத்தியை இறக்கிவிட்டு ரயில் வந்த வழியே திரும்பி, சாயங்காலம் மொட்டைக்கரிசலில் வந்து நின்றது. காலையில் போவதும் சாயங்காலம் திரும்புவதும்தான் அதன் வேலை.

பிச்சாண்டி எட்டிப் பார்த்தான். அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊர் மாதிரியே இருக்கு பெரியப்பா."

"போற வழியில அந்த மாதிரி பத்து ஊர் இருக்கும். தலையை உள்ளே இழு."

செவ்வாய்க்கிழமை வேலங்குறிச்சியில் மாமனார் ஜன்னலைப் பிடித்துக் கெஞ்சினார். புதன்கிழமை ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். வியாழக்கிழமை வரவே இல்லை. பிச்சாண்டி எழுந்து கதவுப் பக்கம் போனான்.

"நான் இறங்கிடுறேன் மாமா."

"இன்னும் பாதி மூட்டை இருக்கு மாப்ளே."

பிச்சாண்டி அழாத குறையாக சோற்றை அள்ளி அள்ளி வாயில் அடைத்தான். விக்கல் வந்தது. பெரியப்பா மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"விக்கிச் செத்தா யாருடா தாலி கட்டுறது? நிதானமாச் சாப்பிடு."

நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது. ரயில் நின்றது. மூவரும் இறங்கினார்கள்.

"வேலங்குறிச்சி," என்றார் பெரியப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

நேரே நடந்து போனால் வாசலில் ஆவுடைத்தாய்.

"நீ எப்பம்மா வேலங்குறிச்சிக்கு வந்தே?"

"நான் எங்கேலே வந்தேன்? இங்கதான் இருக்கேன்."

இருளாண்டி நாலு வெறுந்துணியையும் அவள் முன்னால் விரித்தார். அவள் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. "அப்ப இது வேலங்குறிச்சிதாம்லே," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, பிச்சாண்டி சொந்த வீட்டு வாசலிலேயே பட்டுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து, பெண்ணை அழைத்து வரட்டும் என்று காத்திருந்தான். நிஜ வேலங்குறிச்சியில் மாமனாரின் அக்கா மகன் மூன்று முடிச்சும் போட்டு முடித்து, பந்தியில் இரண்டாவது பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆவுடைத்தாய்க்குக் கல்யாணத்தில் மனசே ஒட்டவில்லை. "ஊர்ல வீட்டைப் பூட்டாம வந்துட்டேனே" என்று புலம்பிக்கொண்டே, திரும்பிப் போக நாலு மூட்டைக்குப் புளி கரைத்தாள்.